ஐந்து ஒன்றுகள்

ஷ்யாமளாவுக்குப் பாட்டு வராது. பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொன்னால் என்ன செய்வது என்று அவள் அப்பா சந்திரமௌலி மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில், ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில் யாரோ காட்டிய எண் வித்தையை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்று இலக்க எண் எதையும் இரண்டு முறை அடுத்தடுத்து எழுதினால், அது ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அவ்வளவுதான் சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை பம்பாய் மாட்டுங்காவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பிள்ளை வீட்டார் வந்தார்கள். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. சர்க்கரையைச் சேர்த்துவைத்துக் கேசரி கிளறியிருந்தார்கள். பாட்டுப் பேச்சு எழுவதற்குள் சந்திரமௌலி முந்திக்கொண்டார்.

"எங்காத்துப் பொண்ணு கணக்குல புலி. மூணு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லுங்கோ. அதையே ரெண்டு தடவை எழுதினா எதால வகுபடும்னு மனசுலயே போட்டுச் சொல்லிடுவா."

பிள்ளையின் அம்மா முந்நூற்றைம்பத்தெட்டு என்றாள். 358358. தலை நிமிராமல் ஷ்யாமளா ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்றாள். அந்த அம்மாள் வாயைப் பிளந்தாள். குரங்காட்டி சொன்னதும் குட்டிக்கரணம் போட்டது போல ஷ்யாமளாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிள்ளை அனந்தகிருஷ்ணன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவன். அவன் வியக்கவில்லை.

"வரிசையா அஞ்சு ஒண்ணு எழுதினா? அது எதாலயாவது வகுபடுமா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான்.

"அது எதாலயும் வகுபடாது," என்றார் சந்திரமௌலி. கேட்டது அவரை அல்ல.

"அவளே சொல்லட்டுமே, மாமா."

ஷ்யாமளாவுக்கு விடை தெரியும். வித்தையைக் கற்ற அன்றே, ஒன்றுகளாக எழுதி எது எப்படி உடைகிறது என்று பழைய சிலேட்டில் போட்டுப் பார்த்திருந்தாள். ஆனால் நாலு பேர் முன்னால் அப்பாவை மறுத்துப் பேசும் பெண்ணை யார் வீட்டில் எடுப்பார்கள்?

"அப்பா சொன்னது சரி," என்றாள்.

புதன்கிழமை, முதலில் பிள்ளையின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்த தரகர் சுப்ரமணியன் வாசலிலேயே நின்று பதிலைச் சொன்னார். "பொண்ணைப் பிடிச்சிருக்காம். ஆனா கணக்குல புலின்னு பொய் சொல்லிட்டேள்னு பையன் வருத்தப்படறான்."

அவர் போனதும் சந்திரமௌலி மகள்மேல் பாய்ந்தார். "அந்த ஒரு நம்பர் தெரியலையே உனக்கு! என் மானமே போச்சு."

ஷ்யாமளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நாப்பத்தொண்ணு, இருநூத்தி எழுபத்தொண்ணு. பெருக்கிப் பாருங்கோ."

பெருக்கிப் பார்த்தார். ஐந்து ஒன்றுகளும் வந்து நின்றன. பெற்ற மகள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவாத்துக்கே போறேன். உனக்குத் தெரியும், நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம்ப்பா," என்றாள் ஷ்யாமளா. "இதையும் நீங்க சொல்லிக்கொடுத்ததுன்னுதான் நினைப்பா."