இரண்டாவது தட்டு

1.

இந்தக் கதைக்கு அகத்தூண்டுதல், தரிசனம் என்று எதுவும் கிடையாது. அத்தான் போன் செய்தார், அவ்வளவுதான்.

“மாப்ளே, உங்க அக்கா டிஸ்க்ல ஒண்ணுமே இல்ல. சுத்தமா காலி.”

“யார் சொன்னா?”

“சிஸ்டமே சொல்லுது. ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது.”

“ஐயோ, எதையும் தொட்டுடாதீங்க அத்தான்! எல்லாம் அழிஞ்சிடும்.”

“நான் என்ன விவரம் தெரியாதவனா? உங்க அக்காவைக் கேட்டுட்டேன். சரின்னுட்டா.”

“எத்தனை தட்டு தட்டினா?”

போனை வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முடிவு எனக்கும் தெரியாது. எழுத்தாளர்கள் இப்படிச் சொன்னால் வழக்கமாக நம்பக் கூடாது. இந்த ஒரு தடவை நம்புங்கள்.

2.

முதல் தொடக்கம்: ‘குரல் என்பது காற்றின்மேல் எழுதப்படும்...’

(வேண்டாம். இந்த வாக்கியத்தை முடித்தால் யாராவது வந்து சால்வை போர்த்திவிடுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: அக்கா, பார்வையற்றோருக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்துகொண்டிருந்தவள். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். அவள் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. ஒலிநூலகத்தை இழுத்து மூடியபோது, அவள் படித்ததையெல்லாம் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்கில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது.

இது தேவலாம். அலங்காரம் இல்லாததால் நம்பும்படி இருக்கிறது.

இப்போது அவளுடைய பேச்செல்லாம் ஒரு டம்ளரும் ஒரு கரண்டியும்தான். எழுதிக் காட்டிய சீட்டுகளை அத்தான் படிக்காமலே மடித்து வைத்ததில் எழுதுவதை விட்டுவிட்டாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிதானமாக ஒரு மூச்சு விடுவாள். புத்தகம் படிக்கும்போது முற்றுப்புள்ளிக்கு விடுவாளே, அதே மூச்சு. அத்தானுக்கு அதுவரை பொறுமை கிடையாது. முதல் தட்டிலேயே “ஆங், சரி” என்று எழுந்து போய்விடுவார். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா எதையுமே மறுத்ததில்லை. கூடத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்ததுகூட அவள் சம்மதத்தோடுதான்.

3.

(இந்த இடத்தில் ஒரு குறிப்பு. அத்தானின் கம்ப்யூட்டர் பழசு. இரண்டு டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. இந்த டிஸ்க் நாலு. தன் அறிவுக்கு எட்டாத ஒன்று எதிரே வந்தால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று அது சொல்வதில்லை. ‘இது காலி’ என்கிறது. துடைத்துவிடட்டுமா என்று பணிவாக வேறு கேட்கிறது. இங்கே சில விமர்சகர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்பதால் இறக்கிவிட்டேன்.)

அத்தானைப் பற்றி எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்தவர். சாப்பிட உட்கார்வதைக்கூடத் தீர்மானம் நிறைவேற்றுவதுபோல அறிவிப்பவர். கேலி செய்யத் தோதான ஆள். ஆனால் கேலிக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். டிஸ்க் வந்ததும் அதைக் கேட்கத் தவித்தது அக்கா இல்லை, அவர்தான்.

“என் வீட்டுக்குக் கொண்டுவாங்க அத்தான். என் கம்ப்யூட்டர் புதுசு, போட்டதும் பாடும்.”

“என் பொண்டாட்டி குரலைக் கேக்க நான் இன்னொருத்தன் வீட்டு வாசல்ல வந்து நிக்கணுமா?”

அப்போது இதை வறட்டுக் கௌரவம் என்று நினைத்தேன். பஸ்ஸில் யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

4.

முடிவு அ: அழுத்திவிட்டார். இருண்ட திரைமுன் அவர் உடைந்து... (வாசகர் உச்சுக் கொட்டுவார். பரிசும் கிடைக்கலாம். அக்காவின் குரலை விற்று வாங்கிய பரிசை எந்த அலமாரியில் வைப்பது?)

முடிவு ஆ: டிஸ்க் தப்புகிறது. என் வீட்டில் அக்காவின் குரல் ஒலிக்கிறது. அத்தான் திருந்துகிறார்.

(திருந்துவதா? பாத்திரத்தை எனக்குப் பல வருஷமாகத் தெரியும்.)

முடிவு இ: போனை வைத்துவிட்டு அத்தான் மறுபடியும் அக்காவிடம் போகிறார். அதே கேள்வியைக் கேட்கிறார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள்

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

5.

கதவு திறந்தே இருந்தது. கத்தரிப்பூக் கூடத்தின் மூலையில் அத்தான், எனக்கு முதுகைக் காட்டியபடி. திரையில் என்ன இருக்கிறது என்பதை அந்த முதுகு மறைத்திருக்கிறது. கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் இரைகிறது.

பக்கத்தில் அக்கா. கையில் கரண்டி.

“அக்கா, அவர் அழுத்திட்டாரா?”

டங்.

அத்தான் திரும்பிப் பார்க்கிறார். ‘ஆங், சரி’ என்று எழுந்திருக்கவில்லை. பதில் தெரிந்த மனிதர், ஆனாலும் அவள் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா மூச்சு விடுகிறாள். கரண்டி மேலே நிற்கிறது.

நீங்களும் இருங்கள். எழுந்துவிடாதீர்கள்.