கோட்டுப் பையில் ஒரு வாக்கியம்

அக்காவும் நானும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் டாக்டர், நர்ஸ் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுகிறவர்கள். ஆவி குடித்துக் குடித்து அக்காவுக்கு இருமல் ஒட்டிக்கொண்டது. மேலே வார்டு வேலைக்குப் போனால்தான் நெஞ்சு பிழைக்கும். அதற்கு ஒரு தேர்வு உண்டு. மேட்ரன் ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பார், அதை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். அக்கா இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதே கடைசி.

அவள் படித்த அழகைச் சொல்ல வேண்டும். கோட்டுக்கு ஒரு சொல். சீட்டில் வாக்கியம் எழுதி அந்தக் கோட்டுப் பையிலேயே வைப்பாள். இஸ்திரி முடியும்வரை முணுமுணுப்பாள். மடிக்கும்போது சீட்டை எடுத்து டப்பாவில் போடுவாள்.

"பெட்டிதான் சூடுன்னு பார்த்தா உன் மூளையும் புகையுதேக்கா," என்பேன்.

"உனக்கு வாய் மட்டும்தாண்டி வேலை செய்யுது."

தேர்வன்று காலை அவசரத்தில் முப்பது கோட்டுகள் சீட்டோடேயே மேலே போய்விட்டன. காலி டப்பாவைப் பார்த்ததும் மாடிக்கு ஓடினேன்.

மேட்ரன் அறை வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. முதல் சொல்லுக்கே அக்கா ஊமையாகிவிட்டாள். மேட்ரன் பேனா எடுக்கத் தன் கோட்டுப் பையில் கைவிட்டார். சீட்டு வந்தது. போச்சு, இருக்கிற வேலைக்கும் உலை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவர் உரக்கப் படித்தார்: "யுவர் பட்டன் வாஸ் லூஸ். இட் இஸ் ஆல் ரைட் நவ்."

பிறகு தன் பட்டனை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

"நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா. நான்தான் தைச்சேன். செய்யாததை எழுத எனக்கு வரல."

"அப்ப செஞ்சதையே சொல்லுங்க. லுக் ஆஃப்டர்."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்தாள். இருமலை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "ஐ லுக்ட் ஆஃப்டர் யுவர் கோட் ஃபார் நைன் இயர்ஸ். நவ் லெட் மீ லுக் ஆஃப்டர் யுவர் பேஷண்ட்ஸ்."

ஒன்பது வருஷம் உங்கள் கோட்டைப் பார்த்துக்கொண்டேன், இனி உங்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள விடுங்கள் என்கிறாள்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரே மேசையில் என்னோடு நின்றவள்தானே, இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாள்?

"திங்கட்கிழமை மேல வந்துடுங்க," என்றார் மேட்ரன். சீட்டைத் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். வராந்தாவில் ஒரு டாக்டர் கையில் சீட்டோடு நின்று, தன் கோட்டுக் கையின் ஓரத்தை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.