சாக்பீஸில் போட்ட எண்கள்

ஆசீர்வாதம் திருவள்ளூருக்கு வருகிறேன் என்றபோதே ஸம்பத்குமார் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. புதுவாயல் பக்கத்துப் பட்டறையில் ஆசீர்வாதம் பிட்டர், ஸம்பத் ஸ்டோர் கிளார்க். மூன்று வருஷமாக மத்தியானம் ஒரே பெஞ்சு. ஆசீர்வாதத்தின் டப்பாவிலிருந்து ஸம்பத் தோசையைப் பிய்த்துத் தின்றிருக்கிறான். அது வீட்டுக்குத் தெரியாது. வீட்டின் ஆசாரம் ஆசீர்வாதத்துக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

பட்டறையில் அந்த 1973இல் புதிதாகச் செய்த சாமான் அது: கழற்றிக் கட்டினால் பஸ் கூரையில் ஏறிவிடும், வீட்டில் போல்ட் போட்டு நிறுத்திக்கொள்ளும் இரும்பு ரேக். தளிகைப் பாத்திரம் அடுக்க ஒன்று வேண்டுமென்று அம்மா ஹேமாம்புஜம் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆசீர்வாதம் கழற்றிய ரேக்கைக் கட்டாகத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான்.

"இன்னா சம்பத்து, உன் ஊட்டக் கண்டுபுடிக்கறதுக்குள்ள பேஜாராப் பூட்சிபா!"

சிரித்துக்கொண்டே வாசற்படியில் கால் வைத்தான். நிலைக்கு அந்தப் பக்கம் அம்மா வந்து நின்றாள்.

"உன் பேர் என்னப்பா?"

"ஆசீர்வாதம்மா."

"சரி. அங்கேயே இரு. உள்ளே தளிகை ஆயிண்டிருக்கு."

படியிலிருந்து கால் இறங்கியது. ஆசீர்வாதம் நண்பனைப் பார்த்தான். 'உள்ளே வா' என்று சொன்னால் போதும். ஸம்பத் குனிந்து கட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு அவ்வளவு இறுக்கமாகக்கூட இல்லை.

"செரி சாமி" என்றான் ஆசீர்வாதம். பட்டறையில் அந்தச் 'சாமி' ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை.

"இங்கயே மாட்னா வாசக்கால்ல நொழையாது. ஒரு தபா மாட்டிக் காட்டறேன். அப்பால பிரிச்சி நம்பர் போட்டுத் தரேன், உள்ள நீங்களே மாட்டிக்கலாம்."

தெருவோர வேம்பின் நிழலில் கால் மணி நேரத்தில் ரேக் நின்றது. ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. பிறகு ஒவ்வொரு காலிலும் தட்டிலும் சாக்பீஸால் எண் எழுதிக் கழற்றினான்.

"கையால போட்ட ஓட்டை சாமி. ஒண்ணுது இன்னொண்ணுல சேராது. நம்பர் பாத்து மாட்டுங்க. ஸ்பேனர் இருக்கட்டும், நாளிக்குக் கொண்டாங்க."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் தைரியம்கூட ஸம்பத்துக்கு இல்லை. எந்தத் தம்ளரில் கொடுப்பது? பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போனான். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது கொல்லைக் கிணற்றடியில் இரும்பெல்லாம் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாலு தடவை ஜலம் விட்டு அலம்பியாச்சு. உள்ளே எடுத்துண்டு போ" என்றாள் அம்மா.

"அம்மா, அதிலே நம்பர்..."

"என்ன நம்பர்? வெள்ளையா என்னமோ கிறுக்கி வெச்சிருந்தான். தேங்காய் நார் போட்டுத் தேச்சுட்டேன்."

சாயங்காலம்வரை மாட்டினான், கழற்றினான். ஓர் ஓட்டை சேர்ந்தால் மூன்று விலகின. கடைசியில் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்து நிறுத்தினான்.

"இது என்னடா, ஏகாதசிப் பட்டினி கிடந்தவனாட்டம் சாய்ஞ்சு நிக்கறது?" என்று அம்மா பாத்திரங்களைப் பழைய பலகைக்கே கொண்டுபோய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை பட்டறையில் ஸம்பத் ஸ்பேனரை நீட்டினான்.

"ரேக் நின்னுச்சா சாமி?"

"ஜம்முனு நிக்கறது."

ஆசீர்வாதம் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல வருஷக் கிரீஸ் கறுப்பு போய், புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி பளபளத்தது. ராத்திரி அம்மா தேய்த்திருக்க வேண்டும்; அப்போதுதான் ஸம்பத்தும் அதைக் கவனித்தான்.

"இதையே களுவிட்டாங்கன்னா, ரேக்க வுட்டிருக்க மாட்டாங்களே?"

ஸம்பத் ஸ்டோர் நோட்டைப் பிரித்துப் பக்கம் தேடத் தொடங்கினான்.

"என் தப்புதான். சாக்பீஸ்ல போட்டிருக்கக் கூடாது" என்றான் ஆசீர்வாதம். குரலில் கோபமே இல்லை. "அடுத்த தபா உளி வச்சி அடிச்சித் தந்துடறேன் சாமி. எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் போவாது."

மத்தியானம் மணி அடித்தது. ஸம்பத் பெஞ்சுக்குப் போகாமல், ஸ்டோரிலேயே உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தான்.