சமையல் மேடையில் ஒரு கசங்கல்

புது வீட்டுக்கு முதல்முறையாக வந்த அக்கா, "எப்படி இருக்கே?" என்றுகூடக் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் மேடைக் கல்லைத் தடவ ஆரம்பித்தாள். பாறைகளை ஆராய்வது அவள் வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வாடகை வீடுகளில் குப்பை கொட்டிவிட்டு, ஆசை ஆசையாகக் கட்டிய சமையலறை அது.

வரிவரியாக ஓடும் கல்லில் ஒரு பட்டை மட்டும் பிழிந்து போட்ட புடவையாகச் சுருண்டிருக்கும். அந்த அழகுக்காகத்தான் வாங்கினேன். அக்கா கணக்குப்படி அந்தப் பட்டை ஒரு காலத்தில் ஏரிக்கு அடியில் கிடந்த ஈரச் சேறாம். நிலநடுக்கம் குலுக்கியதில் மணல் கீழே அமுங்க, சேறு மேலே பீறிட்டுச் சுருண்டதாம். அதன்மேல் வண்டல் அமைதியாகப் படிந்து எல்லாம் கல்லாகிவிட்டதாம். இறுகிய பிறகு குலுங்கியிருந்தால் விரிசல்தான் விட்டிருக்கும் என்றாள்.

இதைத்தான் எட்டு வருஷமாக எழுதி வருகிறாள். "நிலநடுக்கமாவது, வெறும் கரைச் சரிவு" என்று கூட வேலை செய்கிறவர்களே கேலி செய்கிறார்கள். கரை சரிந்திருந்தால் கசங்கல் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். நிலநடுக்கமென்றால் ஏரியின் நடுவரை ஓடும். அந்தப் பழைய ஏரி இருந்த இடத்தில் வெட்டிய குவாரியில், நடுப்பக்கத்துக் கல்லெல்லாம் விற்றுப்போய்த் தண்ணீர் நிரம்பிவிட்டது. மிச்சமிருப்பது அங்கிருந்து வந்த என் மேடைக் கல்தான். அதிலும் ஏரியின் நடுவை நோக்கி ஓடும் பாதியை, என் வீட்டுக்காரர் மேடைமேல் பசை போட்டு ஒட்டிய அலமாரி மறைத்திருந்தது.

அலமாரியைப் பெயர்க்க வேண்டுமாம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் வீட்டுக்காரர் போன் வந்ததாக நடித்து வெளியே நழுவினார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கடப்பாரையை நானே கொண்டுவந்தேன்.

அலமாரி சுவரின் டைல்ஸ் துண்டுகளோடு பெயர்ந்து வந்தது. அடியில் கசங்கல் ஒரு சாண் தூரம் ஓடி, மெலிந்து, நின்றுவிட்டது. அதற்கப்பால் எல்லாம் நேர்க்கோடுகள்.

அக்கா குனிந்து, கசங்கல் நின்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அவங்க சொன்னதுதான்டி சரி. கரைதான் சரிஞ்சிருக்கு."

எட்டு வருஷ உழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அலமாரியை மறுபடி ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று கெஞ்சினேன்.

"நான் பார்த்துட்டேனேடி."

தன்னை அதிகம் கேலி செய்தவருக்கே அனுப்பப் போவதாகச் சொல்லி, போனில் படமெடுத்தாள். வெளிச்சம் போதாமல் படம் மங்கலாக வந்தது. அனுப்பப் போனவளைத் தடுத்தேன்.

"சரியா தெரியலக்கா. இன்னொண்ணு எடு," என்று கசங்கல் நின்ற இடத்தில் டார்ச்சை அடித்துப் பிடித்தேன்.