சாவி உள்ளே இருக்கிறது

அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சார்ஜர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் தேடுவது சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்பதைத்தான். படிப்பது பதினோராம் வகுப்பு.

அவளுடைய தாய்மாமா கப்பலில் வேலை பார்க்கிறவர். துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி, அக்கா மகளுக்கென்று ஏதாவது ஒரு சாமானை வாங்கி அனுப்பிவிடுவார். தண்ணீர் குடிக்கச் சொல்லி நச்சரிக்கும் பாட்டில், எழுதுவதையெல்லாம் படம் பிடிக்கும் பேனா, கை தட்டினால் எரியும் விளக்கு. அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க, கையை உதறிக்கொண்டு அழுகிற குழந்தைகளிடம் நரம்பைத் தேடிவிட்டு வீட்டுக்கு வருகிறவள். வந்து உட்கார்ந்து ஒரு கொசுவை அடித்தால் விளக்கு அணைந்துவிடும். இருட்டில் தடவிக்கொண்டு இன்னொரு முறை கை தட்ட வேண்டும். ஒருநாள் தம்பிக்குப் போன் போட்டு, "உனக்குப் புண்ணியமாப் போகும், இனிமே சோப்பு அனுப்பு, துண்டு அனுப்பு" என்று கேட்டுக்கொண்டாள். அவர் சிரித்தார். அடுத்த மாதம் பை வந்தது.

சாம்பல் நிறப் பை. மழையில் நனையாது, கத்தியால் கிழியாது. மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் பெருவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து பூட்டு திறக்கும். இரண்டு பேருடைய விரலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு குட்டிச் சாவியும் உண்டு. அந்தச் சாவியை வீட்டில் தனியாக வையுங்கள் என்று கூட வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆனால் சாமானோடு வருகிற புத்தகத்தைப் படிப்பது சார்ஜருக்குக் கௌரவக் குறைச்சல். சாவி தொலையாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று பைக்குள்ளேயே இருந்த ரகசிய அறையில் போட்டு வைத்தாள்.

முதல் விரல் அவளுடையது. இரண்டாவதை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. அதை 'ஸ்கேலு'க்குக் கொடுத்தாள்.

ஸ்கேல் அவளோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். தன் நோட்டில் மட்டும் இல்லை, பக்கத்தில் இருப்பவள் நோட்டிலும் இரண்டு கோடு மார்ஜின் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவாள். பை வந்த அன்று இருவரும் மாற்றி மாற்றி விரல் வைத்து, திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு மத்தியான இடைவேளையையே தீர்த்தார்கள். அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

காரணம் ஒரு காலர் மைக். அதுவும் மாமா அனுப்பியதுதான். பேச்சுப் போட்டிக்கு ஸ்கேல் இரண்டு மாதமாகத் தயார் செய்திருந்தாள். தோழிக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று சார்ஜர் அந்த மைக்கை அவள் காலரில் மாட்டி, சரியாக இருக்கிறதா என்று மேடைக்குப் பின்னால் சோதித்தாள். சோதித்தவள் அணைக்கவில்லை. ஸ்கேல் தன் முறைக்காகத் திரைக்குப் பின்னால் காத்திருந்தபோது, "வயித்தைக் கலக்குது. அந்த நடுவர் முறைக்கிற முறைப்புல எல்லாம் மறந்துபோச்சு" என்று தனக்குத்தானே புலம்பியதை முந்நூறு பேர் கேட்டார்கள். நடுவரும் கேட்டார். அரங்கம் சிரித்த சிரிப்பில், மேடைக்கு வந்த பெண்ணுக்கு இரண்டாவது பத்தி வாயில் வரவே இல்லை. பாதியில் இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகாவது சார்ஜர் சும்மா இருந்தாளா? அழுதுகொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, அது மைக்கின் மென்பொருளில் இருக்கும் கோளாறு, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று கால் மணி நேரம் விளக்கம் சொன்னாள். ஸ்கேல் எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினாறு நாளாக அங்கேயேதான் உட்காருகிறாள்.

அந்தப் பதினாறாம் நாள்தான் வேதியியல் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்கக் கடைசி நாள். மத்தியான மணி அடிப்பதற்குள் டீச்சர் மேசைக்கு வந்தாக வேண்டும். கையெழுத்து இல்லாத நோட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வுக்கு வர வேண்டாம் என்று டீச்சர் மூன்று தடவை சொல்லியிருந்தார். சார்ஜர் நோட்டை முடித்துவிட்டாள், அதில் குறை சொல்ல முடியாது. முதல் நாள் மாலையே பைக்குள் வைத்து மூடியும்விட்டாள். அதோடு படுக்கப் போயிருக்கலாம். இயர்பட்ஸ் டப்பாவின் மூடி ஆடுகிறது என்று பசையை எடுத்தாள். உடனே ஒட்டிப் பிடிக்கிற அந்தப் பசை மூடியைப் பிடித்ததோ இல்லையோ, அவள் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. அம்மா வெந்நீர் வைத்து, நகப்பூச்சு அழிக்கிற திரவம் தடவி, ஒருவழியாகப் பிரித்தெடுத்தாள். டப்பாவோடு தோலும் கொஞ்சம் போனது.

காலையில் பை திறக்கவில்லை. விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், கன்னத்தில் தேய்த்து வைத்தாள். சிவப்பு. சாவி எங்கேடி என்று அம்மா கேட்டாள்.

"உள்ளதான் இருக்கு."

"எதுக்குள்ள?"

சார்ஜர் பையைப் பார்த்தாள். அம்மாவும் பையைப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலை எடுத்து வந்து, பையின் அடியில் வைத்து அழுத்தினாள். கத்தரிக்கோல்தான் வளைந்தது. "கத்தியால கிழியாதும்மா" என்றாள் மகள், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். தினம் ஐம்பது பேருக்கு ஊசி குத்துகிற கை அன்றைக்கு எப்படி அடங்கி இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், நோட்டு பைக்குள் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டார். எல்லார் நோட்டும் எதற்குள்ளாவது இருக்கத்தான் செய்கிறது, எனக்கு வேண்டியது மேசை மேலே என்றார். மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது.

சார்ஜர் பையை அணைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள். ஸ்கேல் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினாறு நாளில் முதல் பேச்சு. அதை எப்படி ஆரம்பித்தாள் தெரியுமா? தோலில் இருக்கும் மேடு பள்ளத்தை அந்தக் கண்ணாடி எப்படி அளக்கிறது, பசை அதை எப்படி மழுக்கிவிட்டது என்று ஆரம்பித்தாள். ஸ்கேல் பாட்டிலை மூடிவிட்டு நடந்தாள்.

"நில்லுடி."

நிற்கவில்லை.

"மைக்கை ஆஃப் பண்ண மறந்தது நான்தான்டி. கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான்."

ஸ்கேல் நின்றாள். திரும்பாமலே, "இதைச் சொல்லப் பதினாறு நாளா?" என்று கேட்டாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன்" என்றாள். பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈர விரலைப் பாவாடையில் துடைத்து, கண்ணாடியில் வைத்தாள். பச்சை.

சண்டை வந்த அன்றே பையின் ஞாபகத்திலிருந்து அவள் விரலை அழித்துவிட வேண்டும் என்றுதான் சார்ஜர் நினைத்திருந்தாள். அதற்கு அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருந்தது. அதனால் விரல் பிழைத்தது.

நோட்டு மேசைக்குப் போனது. கையெழுத்தும் ஆனது. அதற்குப் பிறகு சார்ஜர் ரகசிய அறையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். இனி அவளுக்கு யாருடைய விரலும் வேண்டாம். ஆனால் ஸ்கேல் பக்கத்தில் வந்து, புதுத் தோல் வளர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். பத்து நாள் ஆகும் என்று அம்மா சொன்னதாகச் சொன்னாள் சார்ஜர். அம்மா சொன்னது உண்மைதான். சாவியைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் அதைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாடவேளைக்கும் கடைசி பெஞ்சிலிருந்து ஸ்கேல் எழுந்து வர வேண்டியிருந்தது. இயற்பியலுக்கு ஒருமுறை, கணக்குக்கு ஒருமுறை, வேதியியலுக்கு ஒருமுறை. நான் என்ன உன் வீட்டு வாட்ச்மேனா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். மூன்றாம் நாள் நடக்கச் சலித்துப்போய்த் தன் புத்தகங்களோடு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுப் பாடத்துக்கு வேண்டிய நோட்டுகளை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பெரிய பையை மூடி அனுப்புவாள். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு முடிந்ததும், பொழுது போகாமல் சார்ஜரின் கணக்கு நோட்டில் வெறும் பக்கங்களுக்கெல்லாம் மார்ஜின் போட்டாள். பெரிய பைக்குள் தன் கையாலேயே வைத்து மூடினாள்.

திங்கட்கிழமை காலை ஸ்கேல் விரல் வைத்துத் திறந்து அந்த நோட்டை எடுத்தாள். பிரித்தாள். அவள் போட்ட மார்ஜினுக்கு உள்ளே பன்னிரண்டு கணக்குகள் அழகாகப் போடப்பட்டிருந்தன.

"வீட்ல யாருடி தொறந்தா?"

பூட்டில் சில சமயம் ஒரு மாதிரி கோளாறு வரும் என்று சார்ஜர் வாயெடுத்தாள். ஸ்கேலின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினாள்.

"சாவி இருக்கு. முதல் நாள்லேர்ந்து என்கிட்டதான் இருக்கு. சொன்னா நீ திரும்பக் கடைசி பெஞ்சுக்குப் போயிடுவேன்னு சொல்லல."

கணக்கு ஆசிரியர் உள்ளே வந்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். ஸ்கேல் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதுபோல் பாவனை செய்தாள். அப்புறம் மேசைக்கு அடியில் கையை நீட்டி, கொடு என்றாள். சார்ஜர் சாவியைக் கொடுத்தாள். ஸ்கேல் அதைத் தன் ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டு, டப்பென்று மூடினாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். உன்னை நம்பி ஒரு ஆணிகூடக் கொடுக்க முடியாது. நாளைக்கு உன் விரல் சரியாயிட்டாலும் சாவி தரமாட்டேன்."

சார்ஜர் வேகமாகத் தலையாட்டினாள். சந்தோஷத்தில் தலை தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்தவள், தோழியின் காதருகே குனிந்து, மாமா அடுத்த கப்பலில் ஒரு கடிகாரம் அனுப்புகிறாராம், நாம் எப்போது கோபமாக இருக்கிறோம் என்பதை அதுவே கண்டுபிடித்துச் சொல்லிவிடுமாம் என்று ஆரம்பித்தாள்.

ஸ்கேல் கண்ணை மூடிக்கொண்டு, கையில் இருந்த அளவுகோலால் அவள் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.