குட்டியின் டோக்கன்

டைவிங் முகாம் தொடங்கிய முதல் நாளே பாய்மரப் படகின் கேப்டன் மேல்தளத்தில் மாட்டியிருந்த டோக்கன் பலகையைத் தட்டிக் காட்டிச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு டோக்கன். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பு, ஏறி வந்ததும் வெள்ளை.

"அவங்கவங்க டோக்கனை அவங்கவங்கதான் திருப்பணும். பெத்த தாயே வந்தாலும் அடுத்தவங்க தொடக்கூடாது. எல்லாம் வெள்ளையா இருந்தா நான் இன்ஜினைப் போட்டுருவேன்."

பெரியவளுக்குப் பதினேழு வயது, தங்கை குட்டிக்குப் பதினாலு. குட்டியின் டைவிங் உடுப்புக்கு ஜிப் இழுத்துவிடுவது பெரியவள். தட்டிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கிப் போடுவதும் பெரியவள். குட்டியிடம் யாராவது பெயர் கேட்டால்கூட இவள்தான் பதில் சொல்வாள். கேப்டன் அவளுக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பட்டமே வைத்துவிட்டார். பாசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்!

வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிரிகிறார்கள். சாமான் பிரிப்பது பிள்ளைகள் கண்ணில் பட வேண்டாமென்றுதான் இரண்டு வாரம் கடலுக்கு அனுப்பியிருந்தார்கள். பெரியவள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போகிறாள். குட்டி யாரோடு என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள். இன்று கடைசி நாள். சாயங்காலம் படகுத்துறையில் அம்மா, அப்பா இருவரும் வந்து நிற்பார்கள்.

"எங்ககூடத்தானே வர்ற?" என்று பெரியவள் நூறு முறையாவது கேட்டிருப்பாள்.

"கடைசி நாள் சொல்றேன்னேன்ல, நச்சரிக்காதக்கா."

இவள் இல்லாத வீட்டைப் பெரியவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காலையில் அக்காவும் தங்கையும் ஜோடியாக இறங்கினார்கள். பாறையடியில் குட்டி இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்த, தண்ணீருக்குள்ளும் எழுதக்கூடிய எழுதுபலகையில் பென்சிலால் என்னவோ எழுதினாள். எட்டிப் பார்த்தவளுக்குக் காட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே போய்க் காட்டுகிறேன் என்று விரலால் சைகை செய்தாள். கண்ணாடிக்குள் கண் சிரித்தது.

மேலே வந்ததும் குட்டி ஏணியைக் காட்டினாள். "நீ ஏறுக்கா. வர்றேன்."

பெரியவள் ஏறினாள். தன் டோக்கனைத் திருப்பினாள். பின்னாடியேதான் வருகிறாளே என்று குட்டியுடையதையும் திருப்பினாள். பழகிய கை, யோசிக்கவில்லை. பிறகு குட்டிக்குக் காய்ந்த துண்டு எடுத்துவைக்கக் கீழறைக்கு இறங்கிவிட்டாள். மற்ற பிள்ளைகளும் சிலிண்டரைக் கழற்றியபடி உள்ளே வந்தார்கள்.

துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் கேட்டது. மேலே வந்து பார்த்தால் ஏணி காலியாக இருந்தது.

"குட்டி எங்க?"

"எல்லாம் வெள்ளையா இருக்கேம்மா," என்ற கேப்டனின் முகம் அடுத்த நொடியே மாறிவிட்டது. பாய்ந்து வந்து குட்டியின் டோக்கனைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுச் சுக்கானைச் சுழற்றிப் படகைத் திருப்பினார்.

பெரியவள் படகின் ஓரத்துக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கையின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

கால் மணி நேரம் தேடினார்கள். பாறைக்கு அந்தப் பக்கம், முக்குளிப்பவர்கள் ஆபத்தில் ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சு நிறக் காற்றுக்குழாய் ஒன்று தண்ணீருக்கு மேல் நின்றது. குட்டிதான். ஏறப் போகும்போது கயிறு அவிழ்ந்து எழுதுபலகை மிதந்து போயிருக்கிறது. அதைப் பிடிக்க நீந்தியவளை நீரோட்டம் இழுத்துக்கொண்டது. தூக்கி ஏற்றியபோது உதடு நீலமாக இருந்தது. எழுதுபலகை மட்டும் கையிலேயே இருந்தது.

"யார் திருப்பினது?" கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான்தான்."

குட்டி அக்காவையே பார்த்தாள். "நான் கத்தினேன்க்கா. படகு என்னை விட்டுட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

பெரியவள் துண்டால் போர்த்தப் போனாள். குட்டி துண்டை வாங்கித் தானே போர்த்திக்கொண்டாள். மடியில் கிடந்த பலகையை அப்போதுதான் பெரியவள் படித்தாள். 'உன்கூடத்தான் வர்றேன்.'

"குட்டி..."

குட்டி துண்டின் நுனியால் அதை அழுத்தித் துடைத்தாள்.

"நான் அப்பாகிட்ட இருக்கேன்க்கா."

"ஒரு தடவை செஞ்ச தப்புக்கா இப்படிச் சொல்ற? அடிடி என்னை, திட்டு. இதை மட்டும் சொல்லாத."

"கோவத்துல சொல்லல." குளிரில் குட்டிக்குப் பல் தந்தியடித்தது. "நான் வர்றதுக்குள்ளயே 'வந்துட்டா'ன்னு நீ சொல்லிடுற. எப்பவுமே அப்படித்தான். அங்க தனியா மிதந்தப்போ பயமா இருந்துச்சு. ஆனா குழாயை நானேதான் ஊதினேன்."

பெரியவள் அழுதாள்.

கரைக்குப் போகும் நேரம் வந்தது. கேப்டன் சாவியில் கை வைத்தபடி டோக்கன் பலகையைப் பார்த்துக் காத்திருந்தார். எல்லாம் வெள்ளை, குட்டியுடையது மட்டும் சிவப்பு. யாரும் தொடவில்லை. பெரியவள் அந்த ஆணிக்குப் பக்கத்திலேயே நின்றாள். கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.

குட்டி மெதுவாக எழுந்து வந்து, அக்காவைத் தாண்டிக் கையை நீட்டி, தன் டோக்கனைத் தானே திருப்பினாள்.

கேப்டன் இன்ஜினைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் படகுத்துறை தெரிந்தது. அம்மா ஒரு ஓரத்திலும் அப்பா மறு ஓரத்திலும் நின்று கையசைத்தார்கள்.