சுகுணா போட்ட வாய்ஸ்

மீமிசலில் மினிபஸ் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து, காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்ட சுகுணாவுக்குப் பின் சீட்டிலிருந்து தன்னுடைய குரலே கேட்டது. முதலில் யாரோ தெரிந்த பொம்பளை பேசுகிறாள் என்றுதான் நினைத்தாள். கொஞ்சம் கீச்சென்று, கொஞ்சம் அலட்டலாக, தன் பேச்சைத் தானே ரசித்துக்கொண்டு பேசுகிற குரல். "கருவாடு காயப்போடுற எடத்துக்கு எதுக்குங்க வைஃபை? கருவாடு என்ன வீடியோ கால்ல பேசப்போவுதா?" என்று அது கேட்டது. பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னொருக்கப் போடுய்யா" என்றார் ஒருவர். மறுபடியும் ஓடியது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், காலி அலுமினியப் பாத்திரங்களைக் காலடியில் வைத்துக்கொண்டு, மீன் விற்றுவிட்டுத் திரும்பும் புதுக்குடியிருப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. ஒருத்தி மட்டும் தலையைத் திருப்பிச் சுகுணாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடையத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுகுணா தன் ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, கருவேலங்காட்டு வழியாக வெயிலில் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். பையைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் வாயாடி இல்லை. கணவன் சந்தோஷ்குமார் கத்தாரில் எலெக்ட்ரிக்கல் வேலை, மகள் இலக்கியா புதுக்கோட்டையில் ஹாஸ்டல். தானுண்டு, மாடுண்டு, வெள்ளிக்கிழமை வீடியோ காலுண்டு என்று இருந்தவள். 'மேலத்தெரு உறவுகள்' என்ற தெரு வாட்ஸ்அப் குரூப்பில் சாவுக்குக் கும்பிடும் கை, பிறந்தநாளுக்குக் கேக் படம், இவ்வளவுதான் அவள் போட்டிருப்பாள். அப்படிப்பட்டவளைப் பேச வைத்தது இண்டர்நெட் கம்பெனிக்காரன் அனுப்பிய ஒரு மெசேஜ். நெட்வொர்க் விரிவாக்கப் பணிகளை முன்னிட்டு மாதக் கட்டணம் உயர்த்தப்படுகிறது, வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்கவும் என்று அதில் இருந்தது.

குரூப் கொதித்துப்போனது. சாயங்காலமானால் சுற்றிக்கொண்டே நிற்கிற நெட்டுக்குக் கூடுதல் கட்டணமா என்று கேட்டார்கள். கோபிநாத், அணில் கடித்துப் போட்ட வயரைப் படமெடுத்து, இதற்கும் சேர்த்தா என்று போட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயரான கண்ணுசாமி, 'வன்மையாகக் கண்டிக்கத்தக்கது' என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். விரிவாக்கம் எங்கே என்று விசாரித்ததில், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், கடற்கரையோரப் புதுக்குடியிருப்புக்கு என்று தெரிய வந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் இருக்கிற இடம். போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

அங்கே வயர் போக வேண்டுமென்றால் தெருவின் கடைசி வீடான சுகுணாவின் மாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். வயர் இழுக்கிற முத்துராஜ் அதைக் கேட்கத்தான் வந்தான். "தண்ணி டேங்குக்குப் பக்கத்துல ஒரே ஒரு கிளாம்ப்புதாங்க்கா. இனிமே முனியாயிக்காவும் ஒங்க வீட்டுக்கு அலைய வேண்டியதில்ல. வீட்டுல இருந்தே மகன்கிட்ட பேசிக்கிரும்" என்றான். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். சுகுணாவுக்கு என்னவோ சுருக்கென்றது.

முனியாயி புதுக்குடியிருப்பிலிருந்து மீன் கொண்டுவருகிறவள். அவள் மகன் ஆண்டிச்சாமி பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் மீன் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, சுகுணா வீட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்து, சுகுணா வீட்டு வைஃபையில் மகனைப் பார்த்துப் பேசுவாள். "சாப்புட்டியா சாமி, கை காட்டு, அந்தக் காயம் ஆறிருச்சா" என்று அவள் கேட்பது அடுப்படி வரை கேட்கும். பேசி முடித்ததும் சுகுணா காப்பி கொடுப்பாள். போகும்போது முனியாயி ஒரு கை நண்டோ சூடை மீனோ சட்டியில் போட்டுவிட்டு, "வாரேன் தாயி, நீ நல்லா இருக்கணும்" என்பாள். அந்த 'நீ நல்லா இருக்கணும்' சுகுணாவுக்கு வேண்டியிருந்தது. கொடுக்கிற இடத்தில் தான் இருக்கிறோம் என்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. அது பறிபோகிறதே என்றுதான் சுருக்கென்றது. கட்டணம் அவளுக்குப் பெரிய விஷயமே இல்லை. சந்தோஷ்குமார் கேள்வி கேட்காமல் கட்டுகிறவன்.

"மாடியில ஆணியெல்லாம் அடிக்கப்படாது, ஒழுகும்" என்று முத்துராஜை அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு, மனசு குறுகுறுத்ததோ என்னவோ, தான் செய்தது நியாயம்தான் என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. மைக் பட்டனை அழுத்திப் பேசினாள். தெருவுக்கு வணக்கம் சொல்லி, நாம் கட்டுகிற காசில் அங்கிட்டு வயர் போகிறது என்று ஆரம்பித்தவள், கருவாட்டில் வந்து முடித்தாள். அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அழுத்தியிருந்த விரலை எடுத்தாள், போய்விட்டது.

அடேயப்பா, எத்தனை கைதட்டல், எத்தனை சிரிப்பு முகம்! கோபிநாத், 'சுகுணா அக்கா ராக்ஸ்' என்று போட்டான். கண்ணுசாமியே நேரில் வந்து, "தெருவுக்கு ஒரு பேச்சாளரு கெடச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் இப்படி ஒரு மரியாதை அவளுக்குக் கிடைத்ததில்லை. அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. தன் வாய்ஸைத் தானே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். முனியாயியின் முகம் ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை. அதை இப்போது நினைக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மினிபஸ்ஸில் கேட்ட அன்றைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. முனியாயி வரவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது. உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று சுகுணா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தெருமுனையில் முனியாயியின் "மீனேய்" என்ற குரல் கேட்டபோது அந்தச் சமாதானமும் போயிற்று. குரல் இந்தப் பக்கம் திரும்பாமல் அப்படியே தேய்ந்து போனது.

இதற்குள் தெரு வேறொரு முடிவுக்கு வந்திருந்தது. கட்டணத்தைக் குறைக்கிற வரைக்கும் எல்லாரும் வைஃபை பாக்ஸைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பது என்று பிள்ளையார் கோயிலில் பேசினார்கள். முதல் பாக்ஸைச் சுகுணா கையால் கொடுக்க வைத்துப் படமெடுத்துப் போட்டார்கள். மற்றவர்களும் கொடுத்தார்கள். ஆனால் கொஞ்ச நாளிலேயே கோபிநாத் வீட்டு மாடி அறையில் பச்சை விளக்கு மினுமினுத்தது. மச்சினன் பெயரில் புது இணைப்பாம். கண்ணுசாமி வீட்டிலும் பேரனுக்கு ஆன்லைன் கிளாஸ் என்று சத்தமில்லாமல் மாட்டிவிட்டார்கள். போராட்டத்தில் உண்மையாக நின்றது சுகுணா ஒருத்திதான். அவளால் திரும்ப வாங்க முடியாது. படத்தில் இருப்பது அவள் முகமாயிற்றே!

தோப்பை ஒட்டிய வீடு. போனில் ஒரு கோடு சிக்னல் வந்தால் அதிசயம். வெள்ளிக்கிழமைகளில் சந்தோஷ்குமாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கடைசியில் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. பாலைவனத்துக்குள் வேறு சைட்டுக்கு மாற்றுகிறார்கள், அங்கே நெட் இருக்காது, திரும்பி வர மாசக்கணக்காகும், இந்த வெள்ளிக்கிழமை மட்டும் எப்படியாவது முகத்தைக் காட்டு என்று எழுதியிருந்தான்.

சுகுணா முத்துராஜுக்குப் போன் செய்தாள். பாக்ஸைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"தம்பி, அந்தக் கிளாம்ப்பு... மாடியில அடிச்சுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"எதுக்குக்கா? கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து கரையோரமாவே கம்பம் நட்டு இழுத்தாச்சு. அவங்களே ஆள் சேந்து குழி வெட்டிக் குடுத்தாங்க. ஒங்க மாடி வேணாம்க்கா" என்றான் முத்துராஜ். குத்திக்காட்டவில்லை. வேலை முடிந்த விவரத்தைத்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை கத்தாருக்குப் பேச நெட் இல்லை என்பதை மட்டும் முனகிவிட்டு சுகுணா போனை வைத்தாள்.

செய்த தப்பைச் சரிசெய்யக்கூட அவளிடம் இனி எதுவும் இல்லை.

வியாழக்கிழமை முனியாயி வாசலுக்கே வந்தாள். பாத்திரத்தை இறக்கி, கெளுத்தியும் சூடையும் காட்டினாள். "வாங்கிக்கங்கம்மா, காலையில பட்டது" என்றாள்.

இத்தனை வருஷமாக 'தாயி', 'நீ' என்றிருந்தவள். இந்த 'ங்க' முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சுகுணா சட்டியை எடுத்து வந்து குனிந்து நின்றாள். "அக்கா, அன்னைக்கி நான் பேசுனது..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. என்ன சொல்ல முடியும்? உங்களைச் சொல்லவில்லை என்றா? புதுக்குடியிருப்பில் வீடியோ கால் பேசுகிறவள் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் முனியாயிதான்.

முனியாயி மீனை அள்ளிப் போட்டாள். இந்தத் தடவை மேலே ஒரு கை போடவில்லை. பாத்திரத்தைத் தலையில் தூக்கி வைத்த பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னாள். "நெட்டு இல்லாம ஒங்க வீட்டுக்காரரு தவிக்கிறாருன்னு முத்துராசு சொன்னுச்சு. நாளைக்கி நம்ம வீட்டுல வந்து பேசிக்கங்க. மகராசன் எம்புட்டுத் தொலவுல கெடக்குறாரு."

போகக் கூடாது என்று இரவெல்லாம் நினைத்தாள். மறுநாள் மத்தியானம் போனாள்.

கடலோர வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முற்றம் முழுக்க வலை விரித்திருந்தது. சுவரில் புது பாக்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கனகாம்பரம் ஒரு துண்டு செருகியிருந்தார்கள். மருமகள் செவந்தி பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள். சுகுணாவின் போனை வாங்கிப் பாஸ்வேர்டைத் தானே அடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். முனியாயி முற்றத்தில் உட்கார்ந்து மீன் உரசிக்கொண்டிருந்தாள். மீன் வாடையும் வெக்கையுமாக இருந்த அந்த இடத்தில், சேரின் நுனியில், சுகுணா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

சந்தோஷ்குமார் பளிச்சென்று வந்தான். நரைத்த மீசை, புருவத்து மேல் தழும்பு எல்லாம் தெரிந்தது. "அடி ஆத்தீ, என்னா கிளியரு! யாரு வீடு இது?"

"தெரிஞ்சவங்க வீடுங்க. நீங்க சாப்புட்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு. நீ எளச்சுட்டியே! அழுவாத, மாசம் ஓடிப்போயிரும்." அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அதை மறைக்கத்தானோ என்னவோ, சட்டென்று சிரித்தான். "ஏய், ஒன் வாய்ஸு கத்தாரு வரைக்கும் வந்துருச்சு, தெரியுமா? ரூமுல ஒரு பட்டுக்கோட்டைக்காரன் எங்கிட்டயே போட்டுக் காட்டுறான். எம் பொண்டாட்டிடான்னேன், நம்ப மாட்டேங்குறான். இரு, போடுறேன்."

"வேணாங்க. ஏங்க, வேணாம்."

"கேளு, சும்மா கேளு." பக்கத்திலிருந்த இன்னொரு போனை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தான். அறையிலிருந்தவர்கள் சிரித்தபடி நெருங்கி வந்தார்கள். 'மேலத்தெருச் சொந்தங்களுக்கு வணக்கம்' என்று அந்தக் கீச்சுக்குரல் முற்றத்தில் எழுந்தது. சுகுணா சத்தத்தைக் குறைக்கிற பட்டனைத் தேடினாள். விரல் வேறெதையோ அழுத்தியது. கட் பண்ணினால் மாசக்கணக்கில் இந்த முகம் கிடையாது. 'நம்ம கட்டுற காசுலதாங்க அங்கிட்டு...' என்று குரல் போய்க்கொண்டிருந்தது.

முனியாயி தலை நிமிரவில்லை. "செவந்தி, மிக்சியப் போடு" என்றாள்.

"எதுக்கு அயித்தே? அரைக்கிறதெல்லாம் அப்பவே அரைச்சாச்சே."

"போடுங்கிறேன்ல."

மிக்சி அலறியது. கருவாடு வர வேண்டிய இடத்தில் சந்தோஷ்குமாரின் வாய் மட்டும் அகலத் திறந்து மூடியது, சுற்றியிருந்த ஆட்களின் தோள் குலுங்கியது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. சுகுணா கதவு வழியாக உள்ளே பார்த்தாள். செவந்தி மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். ஜாருக்குள் ஒன்றுமில்லை. முனியாயி மீனை உரசியபடியே இருந்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.